மிலிட்டரிக்குப் பின்பட்டை இளக்கிய கதை

மிலிட்டரி என்று ஊரே கூப்பிடுகிற பிக்கப்பின் பின்பட்டையை, அதாவது பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளை, கழற்றிய அன்று அங்கே இருந்தவர்கள்: நான், என் அக்காவின் வீட்டுக்காரர் கலியபெருமாள் மாமா, அவருடைய தம்பி செல்வம், கடலூர் முதுநகரிலிருந்து வந்திருந்த பட்டை வேலைக்காரர் அருள்தாஸ். எதிர் டீக்கடையில் கிளாஸோடு நின்றுகொண்டு யோசனை சொன்னவர்களையும் சேர்த்தால் கூட்டம் நிறையவே இருந்தது. இல்லாதது ஒரே ஒருத்தி, என் அக்கா அஞ்சலை. அவளுக்காகத்தான் அந்த வேலையே நடந்தது. இருபது அடி தள்ளி வீட்டுக்குள் படுத்திருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. ராணுவத்தில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் இன்னும் பணியில் இருக்கிற தம்பிமார்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருவன் கேட்டிருந்தான்: “ஏழுமலை உஸ்தாத், உயரம் ஏத்துன பழைய மிலிட்டரி பிக்கப் ஒண்ணு ஊர்ல ஏலத்துல எடுத்துருக்கோம். பின்னாடி கல்லு மாதிரி இருக்கு. உயரம் கொறையாம சாஃப்ட் பண்ணணும். எந்தப் பட்டைய எடுக்கலாம்?” இப்போது வருகிற வண்டிகளில் சுருள் ஸ்பிரிங்தான். கோளாறு என்றால் லேப்டாப்பைச் சொருகிப் பார்க்கிறார்கள். பட்டைக் கட்டைப் பிரித்து அடுக்குகிற வேலை புதிய பையன்களின் கைக்கு வருவதே இல்லை. அதனால்தான் என்னிடம் கேட்கிறான். இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். போட உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

ஓய்வு பெற்றவன் என்று நான் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். தலையில் ஒரு நரைகூட இல்லை. ராணுவத்தில் பதினெட்டு வயதில் சேர்ந்தால் முப்பத்தைந்தில் வெளியே வந்துவிடலாம், அவ்வளவுதான். பிச்சாவரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் குப்பத்தில், எங்கள் குடும்பத்தில், பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு வலை தெரியும், எழுத்து தெரியாது. அக்கா பள்ளிக்கே போனதில்லை. அவள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போவாள். திரும்பும்போது எனக்கு நோட்டும் பேனாவும் வாங்கி வருவாள். நான் பன்னிரண்டாவது முடித்தது அந்தக் கூடையில்தான். பிறகு ஆள் சேர்ப்பு, பயிற்சி, வண்டி மெக்கானிக் படிப்பு, இந்தி கற்றுக்கொண்டது எல்லாம் ஓடிப்போய்விட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது.

எழுத வேண்டியது எங்கள் கேப்டன் மேடத்தைப் பற்றி.

வடக்கே ஒரு மலையடிவார ஒர்க்‌ஷாப்புக்கு அவர் வந்தபோது என்னைவிட நாலைந்து வயது இளையவர். குள்ளமான உருவம், கண்ணாடி. சத்தம் போடவே மாட்டார். எந்த வண்டி வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “பின்னால் யார் போகிறார்கள்?” டிரைவர் என்ன சொல்கிறார் என்று இரண்டாவதாகத்தான் கேட்பார். எங்களுக்குள் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. மெஸ்ஸில் ரொட்டி தீய்ந்திருந்தால்கூட, “பின்னாடி யாருப்பா போறது?” என்று கேட்டுச் சிரிப்போம்.

மேலே இருந்த காவல் முகாம்களிலிருந்து நோயாளிகளைக் கீழே இறக்குகிற ஒரு டன் பிக்கப் ஒன்று எங்களிடம் வந்தது. பாதி வழி ஆற்றுப் படுகை, முழுக்க உருண்டைக் கல். பின்பக்கம் உதறுகிறது என்று டிரைவர் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் ஹவில்தார் பார்த்த உடனே, “ரெண்டு பட்டைய உருவிடு, சரியாப் போகும்” என்றார். நான் ஜாக்கியை எடுத்துவிட்டேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். கடைசியாக அந்த வண்டியில் வந்த நோயாளி யார் என்று விசாரித்தார். இடுப்பெலும்பில் விரிசலோடு ஒரு ஜவான் ஆஸ்பத்திரியில் இருந்தான். என்னையும் கூட்டிக்கொண்டு போய், அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அவனும் ரொம்ப நேரம் பேசவில்லை. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன், எழவில்லை. கடைசியில் அவன் சொன்னான்: “குலுங்குறது இருக்கட்டும் மேடம். மூடுன வண்டில மல்லாக்கப் படுத்துருக்கேன். முன்னாடி ரோடு தெரியல. எப்பக் கல்லு வரும்னு தெரியாம வழி பூரா உடம்ப இறுக்கியே வெச்சிருந்தேன். அதான் தாங்கல.”

திரும்பி வந்ததும், படுத்திருப்பவன் கண்ணுக்கு நேராக முன் தகட்டில் ஒரு சன்னல் வெட்டச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பட்டை. வேலை முடிந்ததும் ஸ்ட்ரெச்சரில் அவரே படுத்துக்கொண்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, “ஓட்டு” என்றார். ஆற்றுப் படுகையில் ஒரு நடை. அடுத்து அவர் முன்னால் ஏறிக்கொண்டு என்னைப் படுக்கச் சொன்னார். அந்த நாளிலிருந்து நானும் எந்த வண்டியைத் தொட்டாலும் பின்னால் படுத்துப் பார்க்காமல் விடுவதில்லை. அவரிடமிருந்து கற்றுக்கொண்டது அதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததை விட்டுவிட்டேன்.

நான் பென்ஷனோடு ஊருக்கு வந்தபோது அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் ரத்தச் சுத்திகரிப்பு. வெயில் காலத்தில் ஷேர் ஆட்டோவில் போய் வந்துவிடுவாள். உடம்பு சொன்னபடி கேட்கிற நாளில் சின்னக் கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் பழைய இடத்தில் உட்கார்ந்து வியாபாரமும் பார்ப்பாள். “படுத்தா நோயாளி, உக்காந்தா மீன்காரி” என்பாள். ஐப்பசி பிறந்துவிட்டால் கதை வேறு. வெள்ளாற்றில் தண்ணீர் வரும், அந்தப் பக்கம் கடல் ஏறும், எங்கள் ரோட்டில் முழங்காலுக்கு மேல் நிற்கும். ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே வந்து போக ஊரில் ஒரே வண்டிதான், மாமாவின் மிலிட்டரி.

அது ராணுவம் கழித்துக் கட்டிய பிக்கப். ஏலத்தில் எடுத்த மலைக்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர், கட்டை ஏற்றுவதற்காக அதை உயர்த்தியிருந்தார். பின்னால் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, பக்கத்துக்கு இரண்டு தடித்த பட்டைகளையும் கூடுதலாகச் சேர்த்திருந்தார். அவரிடமிருந்துதான் மாமா வாங்கினார். ஐஸும் மீன் பெட்டியும் ஏற்றிக் கடலூர் துறைமுகத்துக்கும் திரும்பவும் ஓட்டுவார். அதுதான் அவருக்குச் சோறு. வெள்ளத்தில் அந்த வண்டி அலையைக் கிழித்துக்கொண்டு வரும்போது ஊரே வேடிக்கை பார்க்கும். மாமாவுக்கு மீசை கொஞ்சம் மேலே போகும்.

அந்த வண்டியில்தான் மழைக்காலத்தில் அக்காவும் போனாள். முன்சீட்டில் எஞ்சின் சூட்டில் அவளுக்குக் குமட்டும், திரும்பும்போது தலைசுற்றும், படுத்தே ஆக வேண்டும். பின்னால் மெத்தை, மேலே தார்ப்பாய். பின்கதவு மாமாவின் மார்பு உயரம். மாமா தோளைப் பிடிப்பார், செல்வம் காலைப் பிடிப்பான், ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி ஏற்றுவார்கள். ஒரு நாள் டீக்கடையிலிருந்து யாரோ, “டேய் செல்வம், ஐஸ் பொட்டி ஒடையாம ஏத்துடா” என்று குரல் கொடுத்தார்கள். இன்னொருவர், “பொட்டி இல்லப்பா, வஞ்சிரம். வெல ஜாஸ்தி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். மேலே மெத்தையிலிருந்து அக்காவும் சிரித்தது கேட்டது.

அதற்கு அடுத்த முறை, “முதுகு போவுதுடா தம்பி. இன்னிக்கி வாணாம், வெள்ளிக்கெழம பாத்துக்கலாம்” என்றாள்.

அந்த வெள்ளி போனாள். மறு செவ்வாய் மறுபடியும் முதுகு. இப்படி ஒன்று விட்டு ஒன்று ஆனது. ஒரு முறை விட்டாலே காலில் நீர் கோத்துக்கொள்ளும். முதுகு வலிக்கிறது என்றால் காரணம் என்ன? வண்டி. வண்டி என்றால் யார்? நான். அப்படித்தான் என் புத்தி ஓடியது.

“எங்கக்கா வலிக்கிது?” என்று கேட்டேன்.

“இங்கதான்” என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

அவ்வளவுதான் நான் கேட்டது. மெத்தையில் போய்ப் படுத்துக்கொண்டு, மாமாவைச் சிதம்பரம் வரைக்கும் ஓட்டச் சொன்னேன். குலுக்கல் என்றால் குலுக்கல். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் துள்ளி விழுந்தது, பல் ஆடியது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா?

மாமா லேசில் சம்மதிக்கவில்லை.

“மச்சான், பட்டைய எடுத்தா வண்டி உக்காந்துடும். தண்ணிக்குள்ள எப்பிடி ஓட்டுறது? லோடு எப்பிடி ஏத்துறது? உங்கக்கா மேல எனக்கு மட்டும் அக்கறை இல்லியா?”

“உக்காராது மாமா. உயரம் அப்பிடியே இருக்கும். லோடும் இழுக்கும். நான் பண்ணித் தரேன்.”

“ஒரு இஞ்சு கொறஞ்சாலும் உன்னயத்தான் அடியில குடுத்து நிறுத்துவேன்.”

செல்வம் இடையில் புகுந்தான். “மச்சான நிறுத்தினா வண்டி இன்னும் சாயும்ணே. பென்ஷன் வாங்கி வயிறு போட்டுட்டாரு.”

இனி வேலையைச் சொல்கிறேன், கேட்ட தம்பிக்கு இது உதவும். முதலில் பார்க்க வேண்டியது பட்டையை அல்ல, டயர் காற்றை. லோடு ஏற்றுகிற அளவுக்கு அடைத்த காற்றோடு காலி வண்டி ஓட்டினால் அதுவே பாதிக் குலுக்கல். அடுத்தது ஷாக் அப்சார்பர். கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தேன். ஒன்று அசையவே இல்லை, இறுகிக் கம்பியாகியிருந்தது. இரண்டையும் மாற்றினேன். அப்புறம்தான் பட்டைக் கட்டு. ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. சேஸிஸுக்குக் கீழே இரண்டு பக்கமும் மரக்கட்டை அடுக்கிய பிறகே சக்கரத்தைக் கழற்றினோம்.

எங்கள் ஊர் உப்புக் காற்றில் பட்டைகள் ஒன்றோடொன்று துருவில் ஒட்டி ஒரே இரும்புப் பாளமாகிக் கிடந்தன. பட்டைக் கட்டு இளகுவதே, ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால்தான். வழுக்கவில்லை என்றால் எத்தனை பட்டையை உருவினாலும் பிரயோசனம் இல்லை. அருள்தாஸ் ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தியலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார். விரிசல் இருந்தால் ஓசை செத்துக் கேட்கும். எஸ்டேட்காரர் சேர்த்த தடித்த பட்டைகளில் பக்கத்துக்கு ஒன்றை அடியோடு எடுத்தோம். மற்றதை நிமிர்த்திக் கட்டின் அடியில் போட்டோம். வண்டி காலியாக இருந்தால் அது மேல் பட்டைகளைத் தொடாது. ஐஸ் ஏறினால் மேலே இருப்பவை அமுங்கி அதன்மேல் உட்காரும். அப்போது வண்டி தாங்கும். மீதிப் பட்டைகளையும் வேண்டாமென்று எடுத்த இரண்டையும் அருள்தாஸ் தன் பட்டறைக்கு எடுத்துப் போனார். மீதியைத் துரு நீக்கி, முனைகளை மழுக்கி, வளைவு போன பட்டைகளை அடித்து மறுபடி வளைவு ஏற்றிக் கொண்டுவந்தார். நடுவில் கிராஃபைட் கிரீஸ் பூசி அடுக்கினோம். கட்டை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் நான்கும் புதுசு. ஒருமுறை முடுக்கி நீண்ட போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. பட்டை முனையின் கண்ணில் போகிற ரப்பர் புஷ் புதுசு. அந்தக் கண் போல்ட்டை வண்டி தன் காலில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு அதுவே ஒரு விறைப்பாகிவிடும். கடைசியாக, ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு பிரேக் குழாய் இழுக்கிறதா, ஜாயிண்ட் இடிக்கிறதா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

வண்டியை இறக்கி நிறுத்தினோம். உயரம் குறையவில்லை. வளைவு ஏற்றியதால் பின்பக்கம் பழைய அளவைவிட நாலு விரற்கடை கூடவே நின்றது. மாமா சுற்றிச் சுற்றி வந்தார்.

“பாருடா, மிலிட்டரி நெஞ்ச நிமித்திட்டு நிக்கிது!” என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

சோதனைக்கு மாமா ஒரு குடத்தைக் கழுத்து வரை நிரப்பி மெத்தையில் வைத்து, சுற்றிலும் சாக்கு அணைகொடுத்தார். நான் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். சிதம்பரம் மேலவீதி போய்த் திரும்பினோம். மெத்தையின் ஓரத்தில் ஒரு கை அகலம் நனைந்திருந்தது, அவ்வளவுதான். டீக்கடையில் குடத்தை இறக்கிக் காட்டினார் மாமா. அங்கே நின்றவர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் அள்ளிக் குடித்தார்கள். ஏதோ கோயில் தீர்த்தம் போல.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவை ஏற்றினோம். உயரம் கூடியதால் செல்வத்துக்கு எட்டவில்லை. மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றான். பெட்டி ஆடியது. அக்காவின் சேலை பின்கதவுக் கொண்டியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கும் வரை அவள் இருவர் கையிலும் அந்தரத்தில் தொங்கினாள். டீக்கடைப் பக்கம் அன்று யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் ஆவலாகக் கேட்டேன். “எப்பிடிக்கா இருந்துச்சி வண்டி?”

“நல்லாருக்குடா தம்பி. தொட்டில் மாதிரி இருக்கு.”

எனக்கு ராணுவத்தில் கிடைத்த எந்தப் பாராட்டும் அதற்கு ஈடில்லை.

அதற்கடுத்த செவ்வாய் அவள் போகவில்லை. காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றாள். வெள்ளி வந்தது. “மழ விடட்டும்டா, வவுறு சரியில்ல” என்றாள். வண்டிக் குறை தீர்ந்துவிட்டதால் வேறு குறை இருக்கும் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான், வயிறு என்றால் வயிறுதான். மாமா மட்டும், “ரெண்டு தடவ வுட்டுட்டாளே மச்சான்” என்றார். “வர்ற செவ்வாக்கெழம கண்டிப்பா கூட்டிப் போயிடலாம் மாமா” என்றேன் நான்.

செவ்வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு கறுத்துவிட்டது. அன்றைக்கு ஏற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. அவளுக்குத் தன் நினைவு பாதிதான் இருந்தது. ரோட்டில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வண்டி அதில் படகு மாதிரி போனது. நான் அவளை மார்பில் சாய்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். துளி குலுக்கல் இல்லை. வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த பட்டை வேலை அது. வழி முழுக்க என் உடம்பு இறுகியே இருந்தது.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். நாலாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். ஊசியை மாற்ற வந்த நர்ஸம்மா, “ரெண்டு தடவ வரலியே, ஏம்மா? சொல்லிச் சொல்லி அனுப்புறமே” என்று கடிந்துகொண்டார். அவர் போனதும் கட்டில் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாமா டீ வாங்கப் போயிருந்தார். ரொம்ப நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

“வண்டி நல்லாத்தாண்டா ஓடுது.”

“அப்புறம் ஏங்க்கா?”

“அதுல ஏறணுமே.”

எனக்கு விளங்கவில்லை.

“செல்வம் இத்தினூண்டு புள்ளயா இருந்தப்ப இந்த வூட்டுக்கு வந்தவ நான். குளிப்பாட்டி வுட்டுருக்கேன். இப்ப அவன் என் காலப் புடிச்சித் தூக்குறான். சேல எங்க வெலகுது, எவன் பாக்குறான்னு மேல போய்ச் சேர்ற வரைக்கும் உசுரு உசுரா இல்லடா. அம்மாம் பெரிய கூடைய வெச்சிகினு ஓடுற பஸ்ல தொத்துனவ. என்னய வஞ்சிரங்குறானுவோ. நீங்களும் சிரிக்கிறீங்க.”

“நீயுந்தானேக்கா சிரிச்ச?”

“பின்ன இன்னா பண்றது, மெத்தையில படுத்துகினு அழுவுறதா?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே. முதுகுன்னுதானே சொன்ன?”

“புருசங்கிட்டயும் தம்பிக்கிட்டயும் இத எப்பிடிடா சொல்லுவாங்க? முதுகுன்னா சொல்லலாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீ எங்க வலிக்கிதுன்னு கேட்ட. ஒடனே போயி வண்டில படுத்துகின. நீ படுத்தா என் கஷ்டம் ஒனக்குத் தெரியுமா? நீயாத் தாவி ஏறிகின, ஒன்னய யாரும் தூக்கலியே.”

மாமா டீயோடு வந்துவிட்டார். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அன்று சாயங்காலமே கடலூருக்குப் போய் அருள்தாஸைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “நானும் அங்கதானே சார் இருந்தேன். பின்கதவு ஏறியிருக்குன்னு டேப் புடிச்சவனே நான்தான்” என்றார். பட்டறை மூலையில் நாங்கள் எடுத்துப் போட்ட இரண்டு தடித்த பட்டைகளும் துருவேறக் கிடந்தன. அவற்றையே இழுத்துப் போட்டார். பட்டை இரும்பில் வெல்டிங் நிற்காது என்பதால் சூடாக்கித் துளை போட்டு, குறுக்கே மூன்று மரப்பலகைகளைப் போல்ட் வைத்து முடுக்கினார். மேல் முனையில் இரண்டு கொக்கி, பின்கதவில் மாட்டிக்கொள்ள. ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள இடுப்பு உயரத்துக்கு ஒரு பழைய தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். படி. தேவை இல்லாதபோது கழற்றி வண்டிக்குள் போட்டுவிடலாம், ஐஸ் பெட்டிக்கு இடைஞ்சல் இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்து முதல் நடைக்குப் புறப்பட்டபோது படியை மாட்டினேன். செல்வம் பழக்கத்தில் பக்கத்தில் வந்தான்.

“நீ போயி முன்னாடி ஒக்காரு” என்றாள் அவனிடம். டீக்கடையைப் பார்த்து, “இன்னா வேடிக்க? அந்தாண்ட திரும்புங்கடா எல்லாரும்” என்றாள். திரும்பினார்கள். மாமாவும் திரும்பினார். நானும் திரும்பிக்கொண்டேன். பலகையில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. இடையில் நின்றது. மூச்சு இரைத்தது. மறுபடி ஒன்று. மறுபடி நின்றது. “உம், வண்டிய எடு” என்று குரல் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். மெத்தையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நடைகூட அவள் விட்டதில்லை. ஆனால் விட்ட நடைகள் விட்டவைதான். நீர் கோத்ததில் இதயம் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது முன்பே தளர்ந்திருக்கலாம் என்றும் சொன்னார், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ என்னவோ. தலையில் பாரம் கூடாது, வெயிலில் உட்காரக் கூடாது. சின்னக் கூடைகூட இல்லை. மார்க்கெட்டில் அவள் இடத்தில் இப்போது வேறொரு பெண் உட்கார்கிறார். சிதம்பரம் போகிறபோது அந்தப் பக்கமாக ஓட்டாதே என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சுற்றிக்கொண்டு போகிறார்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: எந்தப் பட்டையை எடுக்க வேண்டும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன், அதில் தப்பு இல்லை. ஆனால் அந்த வண்டியில் பின்னால் யார் போகிறார்கள் என்று நீ எழுதவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார். கேட்டுவிட்டு உடனே எழுந்துவிடாதே. உன் கேப்டன் இப்போது யாரோ தெரியாது. எங்கள் மேடம் எழவில்லை.

செலவு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தாய். பட்டை, ஷாக், போல்ட், புஷ், கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு இருபத்து மூவாயிரம் ஆனது. படிக்குப் பட்டை நம்முடையது, குழாய் பழசு, அருள்தாஸ் கூலி வாங்கவில்லை. பலகைக்கும் போல்ட்டுக்கும் அறுநூற்று நாற்பது ரூபாய்.